கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க எந்த நாடு உசத்தி? திருமங்கலத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேட்டவர் திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கவுன்சிலிங்கில் மதுரைப் பக்கமே ஒரு கல்லூரியில் சிஎஸ்இ கிடைக்கும் போலிருக்கிறது. இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சிக்காரர், “இங்க படிக்கிறதெல்லாம் வேஸ்ட் சார், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா வெளிநாடுதான், வீட்டு மேல லோன் போட்டு அனுப்புங்க” என்று சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே அங்கே உள்ள படிப்பு அவ்வளவு உசத்தியா, உசத்தி என்றால் எந்த நாட்டில் என்பதுதான் கேள்வி.

அண்ணே, நான் மதுரை வட்டாரத்தில் பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற கல்லூரிகளின் லேப் தேர்வுகளுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகவும் போய் வருகிறேன். எம்எஸ் படித்தது அமெரிக்காவில். அங்கே டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட், கற்பிப்பதில் பேராசிரியருக்கு உதவுபவர்) வேலையும் பார்த்தேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். சராசரியை எடுத்தால் வித்தியாசம் உண்டு, அதுவும் சின்ன வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால், வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் வேறு என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஆதாரத்தைச் சொல்கிறேன். 2019 மார்ச்சில், அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கா, சீனா, இந்தியா, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு மாணவர்களை, நாட்டுக்குப் பொதுவான மாதிரியாக வரும்படி தேர்ந்தெடுத்து, எல்லோரையும் ஒரே தேர்வை எழுத வைத்தார்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் தயாரித்த இரண்டு மணி நேரத் தேர்வு அது. அமெரிக்க மாணவர்கள் மற்ற மூன்று நாட்டு மாணவர்களையும்விட 0.76 முதல் 0.88 திட்டவிலக்கம் வரை முன்னால் நின்றார்கள். நம் கணக்கில் சொன்னால், இந்திய இறுதியாண்டு மாணவரின் சராசரியை, நூறு அமெரிக்க மாணவர்களில் எழுபத்தைந்து பேருக்கு மேல் தாண்டிவிடுகிறார்கள். இந்தியா, சீனா, ரஷ்யா மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் படிக்கும் இந்திய, சீன மாணவர்களால்தான் அவர்கள் மதிப்பெண் ஏறுகிறதோ என்று அதையும் பிரித்துப் பார்த்தார்கள், அப்படியும் இல்லை. நம் நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் படிப்பவர்கள், அமெரிக்காவின் சாதாரணக் கல்லூரி மாணவர்கள் அளவுக்குத்தான் வந்தார்கள். படிக்கும்போது எனக்கு வலித்தது, ஆனால் ஆச்சரியமாக இல்லை.

இதே ஆய்வுக்குழு 2021-இல் இன்னொன்றையும் வெளியிட்டது. கல்லூரியில் சேரும்போது இருந்த திறன் நான்கு வருடத்தில் எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தார்கள். முதல் இரண்டு வருடத்தில் கணிதம், இயற்பியல் போன்ற பாடத்திறனில் இந்திய, ரஷ்ய மாணவர்கள் முன்னேறுகிறார்கள். சீன மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அலசிப் பார்த்து முடிவெடுக்கும் திறன் மூன்று நாடுகளிலும் நான்கு வருடம் முழுக்க ஏறவே இல்லை. அமெரிக்காவில் ஏறுகிறது. நம் பிள்ளைகள் பாடத்தைக் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள் என்பதை இதில் கவனியுங்கள். கற்றதை வைத்து யோசிக்க வைக்கும் வேலைதான் நடக்கவில்லை.

இந்தச் சராசரியை அப்படியே உங்கள் மகளுக்குப் பொருத்தவும் கூடாது. ரஷ்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ஐசிபிசி புரொகிராமிங் போட்டியின் இறுதிச் சுற்றில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஐடிஎம்ஓ பல்கலைக்கழகம் ஏழு முறை பட்டம் வென்றிருக்கிறது. வேறெந்தப் பல்கலைக்கழகமும் அத்தனை முறை வென்றதில்லை. அதே ரஷ்யாவின் சராசரி மாணவர் நம் சராசரி மாணவர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறார். நாட்டின் பெயர் கல்லூரியின் தரத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்புறம், அமெரிக்காவில் பிடிக்காதவர் பாதியில் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம். இறுதியாண்டு வரை கம்ப்யூட்டர் சயின்ஸில் நிற்பவர்கள் பெரும்பாலும் விரும்பி நிற்பவர்கள். இங்கே கட்-ஆஃப் இடம் கொடுத்தது, அப்பா சொன்னார், பிளேஸ்மென்ட் நல்லா இருக்கு என்று சேருகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறுதியாண்டுத் தேர்வில் அந்த வித்தியாசமும் சேர்ந்துதான் தெரியும் என்பது என் கருத்து.

சரி, காரணத்துக்கு வருவோம். பலரும் சிலபஸ் பழசு என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் சிலபஸை எடுத்து, ஒரு நல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், கம்பைலர் என்று தலைப்புகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல இடங்களில் பரிந்துரைக்கும் புத்தகம்கூட ஒன்றுதான். விலகுவது கேள்வித்தாளில். அங்கேதான் இரண்டு வழியும் பிரிகிறது.

ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தையே பார்ப்போம். நம் செமஸ்டர் கேள்வித்தாளில் பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். பேஜிங் (மெமரியைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் முறை) என்ற பகுதிக்கு வழக்கமாக வரும் கேள்வி, அதைப் படம் வரைந்து விளக்குக என்பது. மாணவர் படம் வரைவார், நாலு பக்கம் எழுதுவார், பதினொரு மார்க் வாங்குவார். இதே பகுதிக்கு எம்ஐடியில் கொடுக்கும் அசைன்மென்ட்டைப் பாருங்கள். எக்ஸ்வி6 என்று ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, பாடம் நடத்துவதற்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் வரிதான், முழுக்கப் படித்துவிடலாம். அதில் ஃபோர்க் என்று ஒரு வசதி, ஓடிக்கொண்டிருக்கும் புரொகிராமை அப்படியே இரண்டாக்கும். அப்போது மெமரி முழுவதையும் பக்கம் பக்கமாக நகலெடுக்கும். மாணவருக்கு வேலை: நகலெடுக்காமல் செய். இரண்டு புரொகிராமும் ஒரே பக்கங்களைப் பகிரட்டும். யாராவது ஒருவர் அதில் எழுத முயன்றால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்போது நகலெடு.

கேட்க ஒரு வரிதான். செய்யும்போதுதான் தெரியும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பேஜ் டேபிளில், அந்தப் பக்கங்களில் எழுதும் அனுமதியை நீக்க வேண்டும். எழுத முயலும்போது ஹார்டுவேர் கிளப்பும் பேஜ் ஃபால்ட் என்ற எச்சரிக்கையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்து, கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அதை விடுவிக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று தப்பினால் மொத்த சிஸ்டமும் நின்றுபோகும், எங்கே தப்பு என்றும் சொல்லாது. அந்த மாணவர் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டுவார். முடித்து வரும்போது பேஜிங் அவருக்குக் கைவந்திருக்கும், பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். நம் மாணவர் வரைந்த படம் அடுத்த செமஸ்டருக்குள் மறந்துபோகும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் கேட்டதே அந்தப் படம்தான்.

இப்போது நம் லேப். நான் எக்ஸ்டர்னலாகப் போன ஒரு கல்லூரியில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைக் காட்டும் பட்டியல்) சேர்ப்பது, நீக்குவது என்று கேள்வி வந்தது. பேப்பரில் அல்காரிதம் எழுதினாள், சி-யில் டைப் செய்தாள், அவுட்புட் வந்தது. ஒரு புள்ளி பிசகில்லை. “நல்லா பண்ணியிருக்கம்மா. இதே லிஸ்ட்டைக் கடைசியிலேர்ந்து முதலுக்குப் பிரிண்ட் பண்ணு பாப்போம்” என்றேன்.

“மேடம், அது ரெக்கார்டுல இல்லையே.”

முகம் வெளிறிவிட்டது. இன்டர்னல் எக்ஸாமினரோ என்னைத் தர்மசங்கடமாகப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, “கடைசிக் கட்டத்துக்குப் போறவரைக்கும் பிரிண்ட் பண்ணாம தள்ளிப்போடணும், எப்படித் தள்ளிப்போடுவ?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அதே ஃபங்ஷனை முதல்ல அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டுட்டு, அப்புறமா பிரிண்ட் பண்ணா?” என்றாள். சரியான விடை. ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனை அவளே அங்கே கண்டுபிடித்தாள். அந்த மூளையை இரண்டு வருடமாக யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முப்பது எக்சர்சைஸை ரெக்கார்டில் அழகாக எழுது, கையெழுத்து வாங்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளி என்று ஆய்வுகள் எண்ணில் காட்டுவது அந்த மேசையில் எனக்கு முன்னால் இருந்தது.

அங்கே யார் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் புரொகிராமிங் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் உட்காருவார்கள். நம் கல்லூரிகளின் அறுபது பேர் வகுப்பு அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் அந்த வகுப்பைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முன்பே அதைப் படித்து முடித்த பட்டப்படிப்பு மாணவர்களிடமே ஒப்படைக்கிறார்கள். ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் அந்தச் சீனியர் மாணவர் ஜூனியரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, அவர் எழுதிய புரொகிராம் கோடை வரி வரியாகப் பார்த்து, இந்த ஃபங்ஷன் ஏன் இவ்வளவு நீளம், இந்தப் பெயரை வைத்தால் நாளைக்கு உனக்கே புரியுமா என்று பேசுவார். 1980-களிலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. நான் டிஏ-வாக இருந்த இடமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். பிறருடைய கோடைப் படித்துத் தப்பைச் சொல்லித் திருத்தியதில் நான் கற்றது, வகுப்பில் உட்கார்ந்து கற்றதைவிட அதிகம்.

இதற்கு எவ்வளவு செலவாகும்? நம் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஆறு முதலாண்டு பிள்ளைகளைக் கொடுத்து, வாரம் ஒரு மணி நேரம் டைம்டேபிளில் ஒதுக்கினால் போதும். கட்டிடம் வேண்டாம், ஏஐ லேப் என்று ரிப்பன் வெட்ட வேண்டாம். நான் இருக்கும் துறையில் இதை நடத்திப் பார்க்கிறோம். முதலாண்டுப் பிள்ளைகளின் கோடு மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. இது எல்லாக் கல்லூரியிலும் வரவேண்டும் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2018-இல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, பொறியியல் கல்லூரிகளில் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை இருபதுக்கு ஒருவர் என்று தளர்த்தியது. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை சீட் வைக்கலாம் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கலில் சீட் காலியாகக் கிடக்க, சிஎஸ்இ-யில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று நீண்டுகொண்டே போகிறது. அத்தனை பேருக்கும் கோடு படித்துத் திருத்தத் தெரிந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? நன்றாகக் கோடு எழுதத் தெரிந்தவருக்கு இலந்தைகுளத்திலோ வடபழஞ்சியிலோ ஐடி கம்பெனி கொடுக்கும் சம்பளத்தைத் தனியார் கல்லூரி கொடுப்பதில்லை.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. கட்டணம் இல்லை என்பதால் படிப்பு லேசு என்று நினைக்க வேண்டாம். முதல் வருடத்தில் கணிதம் நிறைய. வாரா வாரம் கணக்குத் தாள் கொடுப்பார்கள், அதைச் செய்து தேறினால்தான் பல பாடங்களில் பரீட்சையே எழுத விடுவார்கள். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டிருக்கவும் முடியாது. அனுமதித்த முறைக்குள் தேறாவிட்டால் படிப்பை விட்டே வெளியேற வேண்டியதுதான். இன்னொன்று, பட்டப்படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் வைத்து நேராகச் சேர்வதும் எல்லோருக்கும் முடியாது. ஓராண்டு ஆயத்தப் படிப்போ, இங்கே ஓராண்டுக் கல்லூரிப் படிப்போ கேட்பார்கள். விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதனால் ஜெர்மனி பிஇ-க்குப் பிறகு மாஸ்டர்ஸுக்குப் பொருத்தமான நாடு. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளும் மாஸ்டர்ஸில்தான் அதிகம்.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கோ-ஆப் முறை எனக்குப் பிடித்தது. நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும். 1957-இல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியதே இந்த முறையோடுதான். நம் பக்கம் இன்டர்ன்ஷிப் என்று சர்டிபிகேட் விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று வருடம், மாஸ்டர்ஸ் ஒரு வருடம். அந்த ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்புகளில் சில, வேறு துறை படித்துவிட்டு வருபவர்களுக்கான அறிமுகப் படிப்புகள். பிஇ சிஎஸ்இ முடித்த பிள்ளை பணம் கட்டி அதில் சேர்ந்தால், இரண்டாம் செமஸ்டரில் படித்ததைத் திரும்பப் படிக்க வேண்டியதாகும். கன்சல்டன்சிகள் இதைச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை நாம் அவ்வளவு பின்தங்கவில்லை. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் கட்டாயப் பாடம் என்பது உண்மைதான். ஆனால் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் எஸ்க்யூஎல்-லும் இருக்கிறது, அதுவும் தமிழிலேயே படிக்கலாம். அரசுப் பள்ளியில் அதை ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளை, முதல் செமஸ்டரில் சிபிஎஸ்இ பிள்ளைக்குச் சளைப்பதில்லை. திணறுவது ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் ஒரு வருடத்தில் சரியாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. எம்ஐடியில் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல். அந்த மாதிரி இடங்களில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். கன்சல்டன்சி காட்டுவது அந்தப் பட்டியல் இல்லை. கமிஷன் கொடுக்கும் கல்லூரிகளின் பட்டியல். அந்தக் கல்லூரியின் சிஎஸ் துறைப் பக்கத்துக்குப் போய், போன செமஸ்டர் அசைன்மென்ட்டுகள் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல துறைகள் அதைப் பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படிதான் வைத்திருக்கும். அங்கேயும் படம் வரைந்து விளக்குக ரகம்தான் என்றால், வீட்டை வைத்து வாங்க அதில் ஒன்றுமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இங்கே பிஇ சேர்த்து, பணத்தை மாஸ்டர்ஸுக்கு வைத்திருப்பேன். அது வரைக்கும் கல்லூரி கொடுக்காததை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்வி6-இன் கோடும், நான் சொன்ன அசைன்மென்ட்டும், சரியா என்று சோதிக்கும் புரொகிராமும் எம்ஐடி தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆங்கிலம் புதிதாக இருந்தால், ஐஐடி மெட்ராஸ் நடத்திய என்பிடெல் (ஐஐடிகளின் இலவச வீடியோ பாடத் தளம்) ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடமும் எக்ஸ்வி6-ஐ வைத்தே போகிறது. நம் ஊர் உச்சரிப்பு, பின்தொடர்வது சுலபம். 2020-இல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் படிப்பை பிஇ-யோடு சேர்த்தே படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜேஇஇ தேவையில்லை, தகுதித்தேர்வு உண்டு, வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. வேலை கொஞ்சம் அதிகம்தான், எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டானமஸா என்று கேளுங்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரி மாதிரி அட்டானமஸ் கல்லூரிகள் கேள்வித்தாளைத் தாங்களே தயாரிக்கலாம் என்பதால், மாற்ற நினைத்தால் மாற்றலாம். மாற்றியிருக்கிறார்களா என்று பழைய கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள். பொறியியல் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரத்தில் டயர்-1 என்றால், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தப்படி, அதில் உள்ள நாடுகளில் சமமாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியா அதில் 2014 முதல் உறுப்பினர். அட்மிஷன் ஆபீஸில் ஏசி அறையில் காட்டும் பிளேஸ்மென்ட் போஸ்டரோடு திரும்பிவிடாதீர்கள். கேன்டீன் பக்கம் போய் ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம், “நீ எழுதுன பெரிய புரொகிராம் எது, அதை யாராச்சும் படிச்சுப் பாத்தாங்களா தம்பி?” என்று கேளுங்கள்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய் வருவாள் என்றால், சாயங்காலம் பஸ் எப்போது கிளம்புகிறது? பல கல்லூரிகளில் நாலரைக்கெல்லாம் எல்லா பஸ்ஸும் போய்விடும். லேப் ஏழு மணி வரை திறந்திருந்தாலும், டே ஸ்காலருக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, அதனால் பயனில்லை. லேட் டிரிப் ஒன்று இருக்கிறதா என்று டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், பழசானாலும் பரவாயில்லை. அதில் லினக்ஸ் போட்டால் எக்ஸ்வி6 தாராளமாக ஓடும். எப்படிப் போடுவது என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்லுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.